சூளையும் ஐப்பசி மழையும் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு அப்பாவின் சக்கரத்துக்கே திரும்பியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் குயவர் வீட்டுப் பெண்தான். தாத்தாவோடு எங்கள் வீட்டில் தொழில் நின்றுவிட்டது. வேதியியல் படித்து, ஐதராபாத்தில் மருந்து ஆய்வில் 16 வருடம் ஓடிவிட்டது. மூன்று வருடமாக விடுமுறை நாட்களில் வனையப் பழகுகிறேன். வேலையை விட்டுவிடலாமா என்று யோசனை. படித்ததெல்லாம் வீண் என்கிறார் அம்மா. இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

படிப்பு வீணாகாது. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் படிப்பு மட்டும் போதாது என்பதை என் முதல் சூளையில் தெரிந்துகொண்டேன்.

மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற மணல் கனிமம் 573 டிகிரி செல்சியஸில் உருமாறும், சூடு இறங்கும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும் என்பது எனக்கு மனப்பாடம். இருந்தும் வியாபாரி வண்டியோடு வந்து நின்றதால், மறுநாள் காலையிலேயே சூளையின் மேல்பூச்சை உடைத்தேன். உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் ‘டிக், டிக்’ என்று வெடிக்கும் சத்தம். அது அடங்கும் வரை அப்பா பேசவில்லை. அப்புறம் ஒவ்வொரு பானையாக எடுத்து விரலை மடக்கித் தட்டினார். நல்லது கணீரென்றது, கீறல் விட்டது சொத்தென்றது. நாற்பதில் பதினேழு போய்விட்டது. அப்பா 573 என்ற எண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை. முதல் நாள் சாயங்காலமே சூளைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்” என்று சொல்லியிருந்தார்.

பிழைப்பைக் கேட்டீர்கள். வனைவது மூன்று வருடத்தில் கைக்கு வந்துவிடும். கஷ்டம் மழைதான். கார்த்திகைக்கு அகல், தைக்குப் பொங்கல் பானை, இந்த இரண்டும்தான் எங்களுக்குப் பெரிய விற்பனை. இரண்டுக்கும் முன்னால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பச்சைப் பானை நிழலில் நிதானமாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் அது ஆவியாகிப் பானையை உடைத்துவிடும். விறகும் நனைந்து கிடக்கும். ஆக, பொங்கலுக்கு விற்பதைக் கோடையிலேயே வனைந்து சுட்டு அடுக்கிவிட வேண்டும். ஆனால் பணம் தையில்தான் வரும். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி, இத்தனை பானையை நனையாமல் வைக்க எங்கே கூரை? வேலையை விடுவதற்கு முன் இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருங்கள். முடிந்தால் ஒரு வருடம், ஐப்பசி முதல் தை வரை சம்பளமில்லா விடுப்பு எடுத்து, சூளை இருக்கும் ஊரில் இருந்து பாருங்கள்.

உங்கள் படிப்புக்கும் இங்கே வேலை இருக்கிறது. ஒவ்வொரு கண்மாய் மண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஈர மண் வில்லையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கிழித்து, காய்ந்த பிறகும் சுட்ட பிறகும் எவ்வளவு சுருங்கியது என்று அளந்து, எவ்வளவு மணல் சேர்த்தேன் என்பதோடு நோட்டில் எழுதிவருகிறேன். அந்த நோட்டால்தான் எனக்குச் சேதாரம் குறைந்தது. இப்போது அப்பாவே புது மண் வந்தால், “கோடு போட்டாச்சா?” என்று கேட்கிறார்.

மானாமதுரைப் பக்கம் சித்திரையில் கண்மாய் வற்றியதும், தாலுகா அலுவலக அனுமதி வாங்கி வண்டல் எடுப்போம். அப்போது வாருங்கள். வரும்போது உங்கள் தாத்தா மண் எடுத்த கண்மாயிலிருந்து ஒரு பை கொண்டுவாருங்கள். இரண்டு மண்ணிலும் கோடு போட்டு ஒரே சூளையில் வைப்போம்.

அன்புடன்