ராஜா நல்லவராகவே இருக்கட்டும்

அன்புள்ள சார்,

நங்கநல்லூரில் இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரிட்டனும் ராஜாவை விட்டுவிட்டுக் குடியரசாக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் குடும்பம் லண்டனில், குராய்டன் பகுதியில் இருக்கிறது, பேத்தி பிறந்ததும் அங்கேதான். 2023 மே மாதம் முடிசூட்டு விழாவின்போது அவர்களோடு இருந்தேன். கட்சி வித்தியாசம் இல்லாமல் தெருவே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. ராஜா ஆட்சி செய்வதில்லை, எந்தக் கட்சிக்காரரும் இல்லை, சுற்றுலா வருமானம் வேறு. நமக்குக் குடியரசு என்ன கொடுத்தது? ஆளுநரோடு ஓயாத தகராறு, கட்சிகளில் அப்பாவுக்குப் பிறகு பிள்ளை. நேபாளத்தில் ராஜாவை அனுப்பிவிட்டு, திரும்ப வேண்டும் என்று 2025இல் ஊர்வலம் போனார்கள். நன்றாக நடப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

ஒரு வாசகர், நங்கநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

தெரு கூடிச் சாப்பிட்டது நல்ல விஷயம். அந்தச் சந்தோஷத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அரசர் சார்லஸ் நல்ல மனிதராகவே இருக்கட்டும். அந்த நாற்காலிக்கு வேறு எவரும் வர முடியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

உங்கள் பேத்தி நாளை அங்கே பிரதமராகலாம். 2022இல் ரிஷி சுனக் ஆனார். ஆனால் நாட்டின் தலைவராக அவளால் ஆகவே முடியாது. பிறந்த வீடு வேறு என்பது ஒரு தடை. மதமும் தடைதான். 1701ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கர் அரியணை ஏற முடியாது, ஏறுகிறவர் இங்கிலாந்துத் திருச்சபையோடு இணைந்தவராக இருந்தாக வேண்டும். 2013இல் வாரிசுச் சட்டத்தைத் திருத்திப் பெண் குழந்தைக்கும் சம உரிமை கொடுத்தார்கள், இந்த விதியைத் தொடவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று நூறு வருஷமாகப் பேசிவரும் மண் நம்முடையது. அதைக் கேட்டு வளர்ந்த நான் லண்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கத் தயாராக இல்லை.

ஆட்சி செய்வதில்லை என்பது பெருமளவு சரி. ஆனால் அரசரின் அதிகாரத்தையோ சொந்தச் சொத்தையோ தொடுகிற மசோதா என்றால், நாடாளுமன்றத்தில் நிறைவேறுவதற்கு முன்பே அரண்மனையின் சம்மதம் வாங்க வேண்டும். அரசரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டுப் பெற முடியாது. வங்கியில் இருந்த உங்களுக்கு இன்னொன்று சட்டென்று புரியும். அங்கே சாதாரண ஆள் இறந்தால், பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீதம் வாரிசு வரி. ராணியின் சொத்து மகனுக்கு வந்தபோது அந்த வரி இல்லை. 1993இல் அரசாங்கத்தோடு அப்படி ஓர் ஏற்பாடு.

ஆளுநர் விஷயத்தில் உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் 10 மசோதாக்கள் கிடப்பில் போடப்பட்டபோது தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 2025 ஏப்ரலில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. மசோதாவுக்கு ஒப்புதல் தர ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பரில் வேறு அமர்வு சொன்னதில் எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் எல்லாம் திறந்த நீதிமன்றத்தில், எல்லோர் கண்முன்னால் நடந்தது. பிரிட்டிஷ் அரசர் மேல் வழக்கே போட முடியாது.

அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். 1977இல் ரேபரேலி மக்கள் இந்திரா காந்தியையே தோற்கடித்தார்கள்.

கட்சிக்காரர் இல்லாத தலைவர் வேண்டும் என்றால் அதற்கு ராஜா எதற்கு? நம் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அப்துல் கலாமை 2002இல் வேட்பாளராக்கினார்கள். ராமேஸ்வரத்துக்காரர், சின்ன வயதில் பேப்பர் போட்டவர். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டு ஜனாதிபதியானார். 2006இல், எம்.பி.க்கள் பதவி இழக்காமல் வேறு சில அரசுப் பதவிகளையும் வகிக்கலாம் என்ற ஆதாயப் பதவி மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார். ஐந்து வருஷம் முடிந்ததும் மாளிகையைக் காலி செய்துவிட்டுத் திரும்பவும் மாணவர்களிடம் போய்விட்டார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் காலி செய்ததுதான்.

சுற்றுலாவா? மதுரை நாயக்கர் மகாலில் ராஜா இல்லை, கூட்டம் வரத்தான் செய்கிறது.

நேபாளத்தில் கட்சிகள் நாற்காலிச் சண்டையிலேயே காலத்தைக் கழித்தன. மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் ராஜா ஏன் போனார் என்பதையும் பாருங்கள். சாசனத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லப்பட்ட ஞானேந்திரா 2005 பிப்ரவரி 1ஆம் தேதி அரசைக் கலைத்துவிட்டு ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டார். தலைவர்களை வீட்டுக்காவலில் வைத்தார்கள், தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்தார்கள். அவரை இறக்கத் தேர்தல் என்று ஒரு வழி இல்லாததால் 2006இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்ப்பலியும் ஆனது. 2008 மே 28ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் 560 பேர் குடியரசுக்கு ஓட்டுப் போட்டார்கள், எதிர்த்தவர்கள் 4 பேர்.

கலைப்பது என்றாலே ரகளை என்று பயப்பட வேண்டாம். பிரிட்டிஷ் ராணியையே தலைவராக வைத்திருந்த கரீபியத் தீவு நாடு பார்படோஸ் 2021 நவம்பர் 30ஆம் தேதி குடியரசானது. ராணியின் பிரதிநிதியாக இருந்த சாண்ட்ரா மேசனையே நாடாளுமன்றம் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. இளவரசராக இருந்த சார்லஸே விழாவுக்குப் போய் வாழ்த்திவிட்டு வந்தார். காமன்வெல்த்தில் பார்படோஸ் இன்னும் இருக்கிறது. பிரிட்டனிலும் இப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அன்றைக்கும் குராய்டனில் தெரு கூடிச் சாப்பிடலாம்.