சாயம் இழைக்கு மேலா, அடியிலா?

வீட்டிலேயே ஸ்கேட்போர்டு பலகை செய்கிறவர்கள் வண்ணம் பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். நடுவில் மரமோ மூங்கிலோ, இரு பக்கமும் எபாக்சியில் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) ஒட்டிய கண்ணாடி இழைத் துணி என்ற அமைப்பை வைத்தே பதில்கள் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி (கோவை): பிளைவுட்டின் அடிப்பக்கம் கண்ணாடித் துணி ஒட்டி, காய்ந்ததும் ஸ்ப்ரே கேனில் ஆரஞ்சு அடித்தேன். முதலில் பளிச்சென்று இருந்தது. ஓட்ட ஆரம்பித்ததும் செதில் செதிலாகப் பெயர்கிறது. வேறு பெயின்ட் வாங்க வேண்டுமா?

பதில்: பெயின்டை மாற்றிப் பயனில்லை, அது இருக்கும் இடத்தை மாற்றுங்கள். இறுகிய எபாக்சியின் மேற்பரப்பு வழவழப்பானது. தேய்க்காமல் அடித்தால் பெயின்டுக்குப் பிடிமானமே இல்லை. தேய்த்து அடித்தாலும், ஆள் ஏறினால் வளைந்து நடைபாதை ஓரத்தில் உரசும் பலகையில் அந்த மெல்லிய தோல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? நிறம் துணிக்கு அடியில் இருந்தால் உரசல் அதைத் தொடாது. ரெசினில் ஊறிய கண்ணாடித் துணி கண்ணுக்கே தெரியாமல் போய், கீழே இருப்பதை அப்படியே காட்டும்.

அதற்காக மரத்தில் எனாமல் அடித்து அதன்மேல் துணியை ஒட்டிவிடாதீர்கள். பலகை வளையும்போதெல்லாம் மரத்துக்கும் இழைக்கும் நடுவிலுள்ள படலம்தான் இழுபடுகிறது. அங்கே எனாமல் இருந்தால் ஒருநாள் இழை மொத்தமும் தோலோடு கழன்று வரும். அந்த இடத்தில் எபாக்சிதான் இருக்க வேண்டும், எனவே சாயத்தை எபாக்சியிலேயே கலக்க வேண்டும்.

32 அங்குல நீளம், 8 அங்குல அகலமுள்ள பலகையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 0.17 சதுர மீட்டர். இங்கே பரவலாகப் புழங்கும் எல்ஒய் 556 ரெசின், எச்ஒய் 951 ஹார்டனர் ஜோடிக்கு எடையில் 100-க்கு 10 என்பது கணக்கு. முதல் பூச்சு வெள்ளை: ரெசின் 30 கிராம், வெள்ளைச் சாய பேஸ்ட் 3 கிராம், ஹார்டனர் 3 கிராம். பேஸ்ட்டை முதலில் ரெசினில் போட்டுக் கோடு தெரியாமல் கலக்கிவிட்டு, பிறகே ஹார்டனரைச் சேருங்கள். ஹார்டனர் கணக்கு ரெசினின் எடைக்கு மட்டும்தான், பேஸ்ட்டைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். சமையலறைத் தராசில் 3 கிராம் என்பது குத்துமதிப்புதான். கையில் நைட்ரைல் உறை அவசியம், இந்த ஹார்டனர் தோலில் அலர்ஜியைக் கிளப்பக்கூடியது.

80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்த மரத்தில் வெள்ளையை மெல்லிசாக இழுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரலில் எதுவும் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் ஆரஞ்சுப் பூச்சு: இதற்கு 30 கிராம் ரெசினுக்கு ஒன்றரை கிராம் பேஸ்ட் போதும். மறுபடி அதே பதம் வந்ததும் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) துணியைச் சாயமில்லாத ரெசினால் ஒட்டுங்கள். துணியின் எடை 34 கிராம், அதே அளவு ரெசின் உறிஞ்சும். கோப்பையில் தங்குவதையும் சேர்த்து 50 கிராம் கலக்குங்கள். பிசுபிசுப்பான பரப்பில் வைத்த துணியை நகர்த்த முடியாது. குழாயில் சுற்றி வைத்து, ஒரு முனையிலிருந்து உருட்டிக்கொண்டே வாருங்கள். பதத்தைத் தவறவிட்டு இரவு தாண்டிவிட்டால் கழுவி, 120-ஆம் நம்பர் தாளால் மங்கலாகும்வரை தேய்த்த பிறகே அடுத்த பூச்சு.

துணியை நனைக்கும் ரெசினிலேயே நிறம் கலந்தால் ஒரு வேலை மிச்சமாகாதா என்று கேட்பீர்கள். மிச்சமாகும். ஆனால் நிறத்துக்குள் உலர்ந்த திட்டும் காற்றுக்குமிழியும் தெரியாது. தெளிந்த ரெசினில் அவை வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அப்போதே அழுத்தி வெளியேற்றிவிடலாம்.

கேள்வி (சென்னை): டப்பாவில் கண்ணைப் பறித்த ஃப்ளோரசன்ட் பச்சை, மூங்கில் பலகையில் காய்ந்த வேப்பிலை மாதிரி ஆகிவிட்டது. இன்னும் அதிகம் போடலாமா?

பதில்: வேண்டாம். அளவு கூடினால் ரெசின் சரியாக இறுகாமல் மெத்தென்று நிற்கும். 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் என்பதை எந்த நிறத்திலும் தாண்டாதீர்கள். ஃப்ளோரசன்ட் சாயம் அடியை மறைக்காது. ஒளி அதை ஊடுருவிப் போய், அடியில் பட்டுத் திரும்பி வருகிறது. அடியில் மூங்கிலின் பழுப்பு இருந்தால் பாதி ஒளியை அதுவே விழுங்கிவிடும். மேலே சொன்ன வெள்ளைப் பூச்சை இரண்டு முறை போடுங்கள், மரத்தின் ரேகை துளியும் தெரியக் கூடாது. பவுடராக வாங்கியிருந்தால் கொஞ்சம் ரெசினில் குழைத்து, கட்டியில்லாத விழுதாக்கிய பிறகு மொத்தத்தில் கலக்குங்கள். ஒன்று தெரிந்து வாங்குங்கள்: இந்தச் சாயங்கள் வெயிலில் மற்றவற்றைவிட வேகமாக வெளுக்கும். பலகையை மொட்டைமாடியில் போட்டு வைக்கிறவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

கேள்வி (புதுச்சேரி): கார்பன் இழைப் பலகையில் மஞ்சள் கொண்டுவர முடியுமா?

பதில்: கார்பனுக்கு அடியில் என்ன பூசினாலும் தெரியாது. கார்பனின் மேலேயே வெள்ளை, மஞ்சள், அதற்கு மேல் 100 ஜிஎஸ்எம் அளவில் மெல்லிய கண்ணாடித் துணி என்று போகலாம். எடை கூடும். எடையைக் குறைக்கத்தானே கார்பனுக்குச் செலவழித்தீர்கள்?

கேள்வி (நாகர்கோவில்): அம்மாவின் பழைய சேலைத் துணியைப் பலகைக்குள் வைத்து ஒட்ட ஆசை. பிடிக்குமா?

பதில்: பருத்தியாக இருந்தால் பிடிக்கும், அதுவும் மெல்லிய நெசவாக இருந்தால் நன்றாகவே ஊறும். பாலியெஸ்டர் சேலையை எபாக்சி அந்த அளவுக்குப் பற்றாது, அதைத் தவிருங்கள். கஞ்சி போகுமளவு இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, காயவைத்து, ஒட்டுவதற்குச் சற்று முன் நல்ல சூட்டில் இஸ்திரி போடுங்கள். பருத்தி காற்றின் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் ரெசினைப் பாலாக்கும். சரிகைக் கரையை வெட்டிவிடுங்கள், சரிகை நூல் தடிமனாக நின்று காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ரெசினில் நனைந்ததும் எல்லா நிறமும் ஒரு படி கறுக்கும். வெளிர் ரோஜாவும் வெளிர் மஞ்சளும் ஏறக்குறைய காணாமல் போய் அடிமரம் தெரியும். அதனால் இங்கும் வெள்ளைப் பூச்சு கட்டாயம். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வெள்ளை பூசிய மரத்துண்டில் முதலில் ஒட்டிப் பாருங்கள். சேலை ஒன்றுதான் இருக்கிறது, பலகை இன்னொன்று செய்துகொள்ளலாம். மரம், வெள்ளை, சேலை, கண்ணாடித் துணி என்பதே வரிசை. மெல்லிய டிஷ்யூ தாளில் படம் அச்சிட்டு வைப்பதற்கும் இதே முறைதான். அச்சில் வெள்ளை மை கிடையாது என்பதால், படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் அடிப்பூச்சின் நிறமாகவே தெரியும்.

கேள்வி (கடலூர்): மழை நாளில் போட்ட பூச்சு காலையில் எண்ணெய் தடவியது போல மங்கியிருந்தது. தின்னரால் துடைத்து அடுத்த பூச்சு போட்டால் அங்கங்கே வட்டம் வட்டமாக ஒதுங்குகிறது. ஊசித்துளைகளும் இருக்கின்றன.

பதில்: இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். மங்கலுக்குக் காரணம், ஹார்டனரிலுள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே படிந்ததுதான். அது தண்ணீரில் கரையும், தின்னர் அதை இழுத்துப் பரப்பத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கழுவித் துடைத்த பிறகே உப்புத்தாளை எடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் படிவைக் கீறல்களுக்குள் தேய்த்துவிடுவீர்கள். துணி ஒட்டியதும் அதன்மேல் நைலான் பீல் பிளையை (ரெசின் இறுகியபின் உரித்தெடுக்கும் துணி) விரித்து, இறுகியபின் உரித்தால் படிவு அதோடு போய்விடும், பரப்பும் சொரசொரப்பாக அடுத்த பூச்சுக்குத் தயாராக நிற்கும்.

வட்டமாக ஒதுங்குவது பெரும்பாலும் சிலிக்கோன் வேலை. பர்னிச்சர் பாலிஷ், சக்கர பேரிங்குக்கு அடிக்கும் ஸ்ப்ரே, நீங்கள் துடைத்த பழந்துணி என எதிலிருந்தும் வந்திருக்கலாம். புதிய வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஊசித்துளை மரத்திலிருந்து வருகிறது. காலையில் பூசினால் பகல் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சைத் துளைத்து வெளியேறும். முதல் பூச்சை மாலையில், சூடு இறங்கும் நேரத்தில் போடுங்கள், மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி (தூத்துக்குடி): படகு பட்டறையில் ஜெல்கோட் (படகின் நிற மேற்பூச்சு) நல்ல சிவப்பில் கிடைக்கிறது. பூசலாமா?

பதில்: கூடாது. அது பாலியெஸ்டர். எபாக்சியில் எஞ்சியிருக்கும் அமீன் அதை இறுக விடாது, அடிப்பக்கம் பிசுபிசுவென்றே இருக்கும். ஃபைபர் கடைகளில் கிடைக்கும் நிற பேஸ்ட்டும் பெரும்பாலும் பாலியெஸ்டருக்கானதே. எபாக்சிக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (மதுரை): போன வருடம் செய்த நீலப் பலகை இப்போது பச்சை சாய்கிறது. சாயம் மட்டமா?

பதில்: சாயத்தின் மேல் பழி போட வேண்டாம். வெயிலில் எபாக்சி மஞ்சளாகும், நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. சிவப்பிலும் ஆரஞ்சிலும் இது தெரியாது, வெள்ளையிலும் நீலத்திலும்தான் காட்டிக்கொடுக்கும். புதிய பலகைக்கு, கடைசி எபாக்சிப் பூச்சை 220, பிறகு 400 வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, புற ஊதாத் தடுப்புள்ள இரண்டு பாகப் பாலியூரித்தேன் கிளியரை (நிறமில்லாத மேற்பூச்சு) இரண்டு முறை பூசுங்கள். கலவை விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான். இதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, தெளித்தால் நுரையீரலுக்குள் போகும், துணி மாஸ்க் தடுக்காது. வீட்டில் தூரிகையால் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் காற்றோட்டமான இடத்தில்.

கூர்மையான விளிம்பில் எந்தப் பூச்சும் நிற்காது, தேய்க்கும்போது முதலில் வெள்ளை எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். துணி ஒட்டும் முன்பே விளிம்பை 3 மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிடுங்கள். ட்ரக் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) துளைகளைக் கடைசியில் போட்டு, உள்சுவரில் எபாக்சி தடவி மூடுங்கள். அங்கே தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, நிறத்தோடு சேர்ந்து இழையும் தூக்கிக்கொள்ளும். ட்ரக்கை முறுக்க ஒரு வாரம் பொறுங்கள்.