வாசகர் கேள்வி பதில்: பெயரும் வாலட் முகவரியும்

கேள்வி: நான் தக்கலையைச் சேர்ந்தவன், நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எங்களிடம் பணம் பெறுவோர் 'டாட் எத்' (.eth) என்று முடியும் பெயர்களைத் தருகிறார்கள். அவற்றை வாலட் (கிரிப்டோ பணப்பை) முகவரிகளாக மாற்றும் நிரல் ஒன்றை எழுதி, கிடைத்த முகவரிகளைக் கோப்பில் சேமித்து, மாதந்தோறும் அதையே பயன்படுத்துகிறேன். எங்கள் மூத்த ஊழியர் அது ஆபத்து என்கிறார். ஏன்?

பதில்: உங்கள் மூத்த ஊழியர் சொல்வது முற்றிலும் சரி. எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் (பலரது கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பதிவேட்டில்) முகவரி என்பது '0x' என்னும் முன்னொட்டை அடுத்து வரும் 40 பதினாறடிமான இலக்கங்கள் (0 முதல் 9, a முதல் f வரை). அதை நினைவில் வைக்க யாராலும் இயலாது என்பதால்தான் 2017 மே மாதத்தில் எத்தீரியம் பெயர்ச் சேவை தொடங்கப்பட்டது. உங்கள் நிரல் ஒரு பெயரைக் கேட்கும்போது, அந்தப் பெயர் முதலில் ஒரே சீரான எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கெச்சக் 256 என்னும் கணக்கீட்டால் 32 பைட் கொண்ட ஹாஷாக, அதாவது அந்த எழுத்துகளிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணாக, மாற்றப்படுகிறது. பதிவேடு என்னும் ஒப்பந்தம் (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல்), இந்த ஹாஷுக்கு விடை சொல்ல வேண்டிய 'ரிசால்வர்' எது என்று காட்டுகிறது. அந்த ரிசால்வரே முகவரியைத் தருகிறது. ஈதர்ஸ், வியம் போன்ற லைப்ரரிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) இவ்வளவையும் ஒரே அழைப்பில் முடித்துவிடுவதால், நடுவில் இத்தனை படிகள் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

கிடைக்கும் விடை, கேட்ட அந்த நொடிக்கு மட்டுமே உரியது. நம் மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுப் பெயரைச் சொன்னாலே தபால்காரர் ஆளை அறிந்துகொள்கிறார். அந்தக் குடும்பம் அதே பெயரோடு வேறு இடத்துக்குக் குடிபோன பிறகும், சென்ற ஆண்டு குறித்துவைத்த கதவிலக்கத்துக்கே கடிதம் அனுப்பினால் அது யார் கைக்குச் சேரும்? பெயருக்கு உரியவர், தம் வாலட்டின் ரகசியச் சாவி திருடுபோனதால் அவசரமாகப் புதிய முகவரிக்கு மாறியிருக்கலாம். அப்போது உங்கள் பழைய கோப்பு, பணத்தை நேராகத் திருடனிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆயினும் கோப்பை அழித்துவிட வேண்டாம். 'டாட் எத்' பெயர்கள் நிலையான சொத்தல்ல. கட்டணம் செலுத்திக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டியவை. காலாவதியாகி 90 நாள் சலுகைக் காலமும் கடந்துவிட்டால் வேறு எவரும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அப்போது புதிதாகக் கிடைக்கும் விடையும் அந்நியர் ஒருவரின் முகவரியாக இருக்கக்கூடும்; அதைக் காட்டிக்கொடுப்பது பழைய கோப்புதான். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள். வந்த முகவரியைக் கோப்பிலுள்ளதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் அனுப்புவதை நிறுத்தி, உரியவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்யுங்கள். விடை வெறுமையாக வந்தால் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதைப் பூஜ்ஜிய முகவரியாக (எல்லா இலக்கங்களும் பூஜ்ஜியமான, யாருக்கும் உரியதல்லாத முகவரி) கொண்டு பணத்தை அனுப்பிவிடக் கூடாது. பிளாக்செயினில் தவறிச் சென்ற பணத்தைத் திருப்பித் தருவதற்கு அலுவலகம் எதுவும் இல்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: முகவரியைக் கொடுத்துப் பெயரைக் கண்டறிந்தால் அதை நம்பலாமா? (குளச்சல் வாசகர்)

பதில்: அப்படியே நம்பக் கூடாது. ஒரு முகவரிக்கு உரியவர், தமக்குச் சொந்தமில்லாத பெயரையும் தம் பெயராகப் பதிவுசெய்துகொள்ள இயலும். கிடைத்த பெயரை மீண்டும் முகவரியாக மாற்றிப் பார்த்து, தொடங்கிய முகவரியே திரும்பி வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்துகளில் பெயர் வைக்கலாமா? (மார்த்தாண்டத்திலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: வைக்கலாம், ஆனால் தட்டச்சில் மிகுந்த கவனம் தேவை. 'கொ' என்பதன் உயிர்மெய்க் குறியை ஒரே குறியாக அடித்தாலும், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே அடித்தாலும், யூனிகோட் சீராக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். 'கௌரி', 'கெளரி' ஆகிய இரண்டும் அப்படியல்ல. முன்னதில் இருப்பது ஔகாரக் குறி. பின்னதில் இருப்பது ளகர எழுத்து. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவை கணினிக்கு இரு வேறு பெயர்கள். எனவே ஹாஷும் வேறு, முகவரியும் வேறாகலாம். 'ஔவை', 'ஒளவை' என்பவற்றின் நிலையும் இதுவே. ககரமும் தமிழ் இலக்கமான '௧'உம் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். ஏமாற்ற நினைப்பவருக்கு இந்த ஒற்றுமையே போதும். தமிழ்ப் பெயரைத் தாங்களே தட்டச்சு செய்யாமல், உரியவர் அனுப்பியதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். பணம் அனுப்பும் திரையில் பெயரோடு முழு முகவரியும் தெரியும் வாலட் செயலியையே பயன்படுத்துங்கள்.