கடக்நாத் கோழி உள்ளே வெளியே எல்லாம் கறுப்பா? அதன் முட்டையும் கறுப்பாகத்தான் இருக்குமா?

முட்டையை முதலில் முடித்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் கன்னங்கரேல் முட்டைப் படம் பொய். கடக்நாத் இடுவது இளம்பழுப்பு முட்டை. நாட்டுக்கோழி முட்டைக் கூடையில் கலந்து வைத்தால் தனியாகத் தெரியாது. இரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் நிஜமாகவே கறுப்பு. தோல், கறி, குடல், எலும்பின் மேல் படிந்திருக்கும் சவ்வு வரைக்கும். மெலனின் என்னும் நிறமி வழக்கமாகத் தோல், இறகோடு நின்றுவிடும். இந்தக் கோழியில் மரபணுத் தொகுதியின் ஒரு பகுதி இரட்டித்துப் போனதால், நிறமி செல்கள் கருவிலேயே அளவுக்கு மீறிப் பெருகி உடம்பு முழுக்கப் பரவிவிடுகின்றன. இந்தோனேசியாவின் அயாம் செமானிக்கும் சில்கி கோழிக்கும் இதே மாற்றம்தான் காரணம். சில்கியில் வெள்ளை இறகும் உண்டு, ஆனால் உரித்தால் தோல் கறுப்பு! அதாவது இறகு நிறம் வேறு கணக்கு.

வாங்கப்போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். இறகு கறுப்பாக இருந்தால் மட்டும் கடக்நாத் ஆகிவிடாது. கழுத்தில் பொன்னிறக் கோடு, வெள்ளிக் கோடு ஓடும் அசல் கடக்நாத்தும் உண்டு. அலகைத் திறந்து நாக்கைப் பாருங்கள், கருஞ்சாம்பல் படிந்தது போல இருக்க வேண்டும். கொண்டையும் தாடியும் சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் இருக்கும். பளிச்சென்று சிவந்த கொண்டை இருந்தால் நடையைக் கட்டுங்கள். இதிலும் ஒரு சிக்கல்: இந்தக் கறுப்பு ஓங்கு பண்பு. தாய், தகப்பனில் ஒன்று மட்டும் கடக்நாத் என்றாலும் குஞ்சு கறுப்புச் சாயலோடு பொரிக்கலாம். அதனால் குஞ்சை மட்டும் பார்த்து வாங்குவதைவிட, அதன் தாய், தகப்பன் இரண்டையும் காட்டும் பண்ணையில் வாங்குவது மேல்.

பூர்வீகம் மத்தியப் பிரதேசம். ஜாபுவா, அலிராஜ்பூர், தார் பகுதிகளில் பில், பிலாலா பழங்குடிகள் வளர்த்துக் காப்பாற்றிய இனம். அவர்கள் வழிபாட்டில் பலி கொடுக்கும் கோழியும் இதுவே. 2018இல் ஜாபுவாவின் கடக்நாத் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறம் தோனி தன் ராஞ்சிப் பண்ணைக்கு இரண்டாயிரம் குஞ்சு கேட்டார் என்று செய்தி வந்ததும் மவுசு எங்கேயோ போய்விட்டது.

பிராய்லரைவிடக் கொழுப்பு குறைவு என்பது சரி. சர்க்கரை தீரும், ஆஸ்துமா தீரும் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. அதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வளர்த்தி மெதுவானது. ஐந்து மாதம் தீனி போட்டாலும் ஒரு கிலோவைத் தொட்டால் பெரிய விஷயம். முட்டையும் ஆண்டுக்கு நூறை ஒட்டித்தான். பெட்டை சரியாக அடையில் உட்காராது, பாதியில் எழுந்து போய்விடும். இன்குபேட்டர் இல்லாதவர்கள், அடைக்கு நிற்கும் நாட்டுக்கோழி ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு முட்டை வாங்குங்கள்.