அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் எப்படிக் கறுப்பினப் படிப்புக்கு ஒரு துறையையே போராடிப் பெற்றார்கள்?

நாலரை மாதம் வகுப்பைப் புறக்கணித்தார்கள், துறை கிடைத்தது என்று சுருக்கிச் சொல்வார்கள். அது பாதிதான். 1968 நவம்பர் 6 அன்று போராட்டம் தொடங்கியபோதே கறுப்பினப் படிப்புப் பாடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அங்கிருந்த நீக்ரோ மாணவர் சங்கம் 1966இல் கறுப்பின மாணவர் சங்கமாகப் பெயர் மாறியது. அதை முன்னின்று கட்டிய ஜிம்மி காரெட், தென் மாநிலங்களின் குடிமை உரிமைப் போராட்டத்தில் பழகியவர். மாணவர்களே வகுப்பெடுத்த ‘சோதனைக் கல்லூரி’யில் கறுப்பின வரலாற்றையும் இலக்கியத்தையும் சங்கம் நடத்திக் காட்டியது. 1968 தொடக்கத்தில் சமூகவியலாளர் நேதன் ஹேர் வந்து துறைக்கான திட்டத்தை எழுதினார். ஆனால் நிர்வாகம் பணியிடமும் பணமும் ஒதுக்காமல் இழுத்தடித்தது.

ஆங்கிலம் கற்பித்த, பிளாக் பாந்தர் என்ற கறுப்பினப் புரட்சிக் கட்சிக்காரரான ஜார்ஜ் முர்ரேயை இடைநீக்கம் செய்ததும் போராட்டம் வெடித்தது. சங்கத்தின் 10 கோரிக்கைகளைப் படித்தால் அதில் வசனமே கிடையாது. 20 முழுநேரப் பணியிடம், பட்டப்படிப்பு, நியமன அதிகாரம் துறைக்கே, நிரப்பாமல் விட்ட சிறப்புச் சேர்க்கை இடங்களை அடுத்த பருவத்தில் நிரப்பு என்று எல்லாமே பைலில் போடக்கூடியவை. ஆசிய, லத்தீன் வம்சாவளி மாணவர்கள் சேர்ந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணி மேலும் 5 வைத்தது.

உத்தியைத் தெள்ளுப்பூச்சிப் போர் என்றார்கள்: சின்னக் குழுவாக வகுப்பில் நுழை, பாடத்தை நிறுத்து, போலீஸ் வருவதற்குள் கலைந்துவிடு. போலீஸ் தடியடி நடத்த, அதுவரை சும்மா இருந்தவர்களும் இவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். கல்லூரியின் தற்காலிகத் தலைவர் ஹயகாவா டிசம்பர் 2 அன்று போராட்டக்காரர்களின் ஒலிபெருக்கி வண்டி மேல் ஏறி ஒயர்களைப் பிடுங்கினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அவர் வீரர், பின்னாளில் செனட்டரானார்!

ஜனவரியில் ஆசிரியர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது பெரிய பலம். ஆனால் ஜனவரி 23 கூட்டத்தைச் சுற்றி வளைத்து 400க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். அதன்பின் ஜாமீன் தொகை, வழக்கு, வாய்தா என்றே நேரம் கரைந்தது. ஆசிரியர்கள் தனியாக உடன்பாடு கண்டு முன்னமே திரும்பிவிட்டார்கள். கூட்டணியின் ஓட்டை அங்கேதான்.

1969 மார்ச் 20 அன்று மாணவர்களோடு உடன்பாடு கையெழுத்தானது. அதே ஆண்டு இலையுதிர் பருவத்தில் கறுப்பினப் படிப்புத் துறையோடு, கல்லூரிக்குள்ளேயே இனவியல் கல்விப் புலமும் திறந்தது. வேலை பறிபோன முர்ரேக்கும் ஹேருக்கும் அது திரும்பக் கிடைக்கவில்லை. ஹேர் அதே ஆண்டு ‘பிளாக் ஸ்காலர்’ ஆய்விதழைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.