அன்ரியைக் கேளுங்கோ: அப்பாவின்ர கல்வெட்டும் அந்தோனியார் மெழுகுதிரியும்

கேள்வி: அன்ரி, எங்கட அப்பா போன மாசம் 94 வயசில காலமாகிட்டார். பிறந்தது 1931ல கரவெட்டியில, கடைசிவரைக்கும் இருந்தது வெள்ளவத்தையில. கவர்மெண்டில கிளார்க்கா இருந்து பென்சன் எடுத்தவர், நாங்கள் அஞ்சு பிள்ளையள், பூட்டப்பிள்ளையும் கண்டிட்டுத்தான் போனவர். தீட்சை வாங்கின ஆள், காலமை பூசை முடியாம தேத்தண்ணி கூட வாயில வைக்க மாட்டார். அந்தியேட்டிக்கு (31ம் நாள் கிரியைக்கு) கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடிக்கிறம், வாழ்க்கை வரலாறு எழுதுற வேலை என்ர தலையில விழுந்திட்டுது. பிரச்சினை என்னெண்டா அப்பா செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் போய் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறவர். அதை எழுதக்கூடாது, சிவபுராணம் போடுற புத்தகத்தில இதென்ன கதை எண்டு கனடாவில இருக்கிற பெரியண்ணா வட்சப் குறூப்பில பெரிய சண்டை. அம்மா ஒண்டும் கதைக்கிறா இல்லை. எழுதட்டோ, விடட்டோ?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: எழுதுங்கோ பிள்ளை. முதல் அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைக் கதைப்பம்.

கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு இது ஒரு புதினமே இல்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய்ப் பாத்தா ஆர் வேதக்காரர், ஆர் சைவம், ஆர் சிங்கள பௌத்த ஆக்கள் எண்டு பிரிக்கேலாது, எல்லாரும் ஒரே லைனில நிண்டு ஒரே மெழுகுதிரியைத்தான் கொளுத்துகினம். அந்தக் கோயிலின்ர கதையே அப்பிடித்தான், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை அடக்கி வைச்சிருந்த காலத்தில அந்தோனியோ எண்டொரு சாமியார் வியாபாரி வேசம் போட்டுத் திரிஞ்சவராம், கடல் கரையை அரிச்சுக்கொண்டு வரேக்க மீன்பிடிக்கிற சனம் அவரிட்டப் போய் அழ, அவர் சிலுவையை நட்டுச் செபிச்சு கடல் பின்னால போனதாம். அதுக்குப் பக்கத்திலதானே எங்கட பொன்னம்பலவாணேசரும் இருக்கிறார், 1856ல பொன்னம்பல முதலியார் தொடங்கி, பிறகு மகன் சேர் பொன் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில கட்டின கோயில். உங்கட அப்பா காலி வீதியில பஸ் ஏறி, புறக்கோட்டையில இறங்கி, சிவனைக் கும்பிட்டிட்டுத்தான் இங்கால அந்தோனியாரிட்ட வந்திருப்பார் எண்டு நான் பெற் கட்டுவன். இப்பிடிப் போற சைவ ஐயாமார் கொழும்பில கனபேர் இருந்தவை, இப்பவும் இருக்கினம்.

அண்ணாவில எனக்குக் கோவம் இல்லை. வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் சமயத்தை கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது வழமைதான், அங்க அவையளுக்கு அது தேவைப்படுது. ஆனா ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ, அண்ணாவுக்குத் தெரிஞ்ச அப்பா அண்ணா பிளேன் ஏறின நாளோட நிண்டிட்டார், உங்களுக்குத் தெரிஞ்ச அப்பா அதுக்குப் பிறகும் எத்தினையோ வருசம் வாழ்ந்தவர். 94 வருசம் இருந்த மனுசன், மூத்தவரைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு போன இளந்தாரி அப்பா, கடைசிக்கு பென்சன் எடுக்க ஆராவது கையைப் பிடிக்கோணும் எண்ட அப்பா, ரெண்டு பேரும் ஒரு ஆளே இல்லை மாதிரித்தான் இருக்கும். அதால அஞ்சு பேரிட்டயும் தனித்தனியா கேளுங்கோ, குறூப்பில கேக்க வேண்டாம், போன் எடுத்து, "அப்பா உங்களோட மட்டும் செய்த ஒண்டைச் சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. அண்ணாவிட்ட முதல் கேளுங்கோ, சண்டையில பாதி அங்கயே முடிஞ்சிடும்.

பிறகு அம்மா. அம்மா கதைக்காம இருக்கிறதுக்குக் காரணம் இருக்கும். எங்கட பழைய தகப்பன்மார் நேர்த்தி வைச்சதை பிள்ளையளுக்குச் சொல்லுற ஆக்கள் இல்லை, மனிசிக்கு மட்டும்தான் தெரியும். ஆருக்கோ காய்ச்சல், ஆற்றையோ சோதனை, 83 கலவரத்தில வீட்டை விட்டு ஓடினது, இப்பிடி ஏதோ ஒண்டிலதான் அந்த முதல் மெழுகுதிரி தொடங்கியிருக்கும். அம்மா தனிய இருக்கேக்க, மரக்கறி வெட்டேக்க போல, பக்கத்தில இருந்து "அப்பா ஏன் செவ்வாய்க்கிழமை போறவர்?" எண்டு மெதுவா கேளுங்கோ. கனடாவுக்குப் போன மூத்தவரின்ர பேப்பர் சரிவரோணும் எண்டுதான் அந்த மெழுகுதிரியோ, ஆருக்குத் தெரியும்! 2019 ஏப்ரல் 21ல அங்க குண்டு வெடிச்சு, ஜூன் 12 கோயில் திரும்பத் திறந்தாப்பிறகு, 88 வயசில அப்பா திரும்பப் போனவரோ எண்டும் கேளுங்கோ. போயிருந்தா அதை எழுதாம விட்டிடாதைங்கோ.

எழுதிற விதம் பற்றி நீங்கள் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன், ஏனெண்டா வீட்டில ஒரு றாக்கை முழுக்கக் கல்வெட்டுகள் வைச்சிருக்கிற ஆள் நான். எளிமையின் சிகரம், பண்பின் உறைவிடம், பாசத்தின் திருவுருவம். போட்டோவை மாத்திப்போட்டா ஆருக்கும் பொருந்தும். "பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட" எண்டு பேப்பரில மரண அறிவித்தல் போட்டாச்சுத்தானே, அதையே திரும்ப நீட்டி எழுத வேண்டாம். என்னட்ட இருக்கிற ஒண்டில மகள் எழுதியிருக்கிறா, ஐயா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பழைய பேப்பரை நிலத்தில விரிச்சு, ஆறு பிள்ளையளின்ர பள்ளிக்கூடச் சப்பாத்தையும் வரிசையா வைச்சு, தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொண்டா மினுக்குவாராம், பதிகம் முடியேக்க பன்ரெண்டு சப்பாத்தும் முடிஞ்சிருக்குமாம், முடியாட்டி திரும்ப முதல் பாட்டிலயிருந்து தொடங்குவாராம். அவர் என்ன வேலை செய்தவர் எண்டு அந்தப் புத்தகத்தில இருக்கு, எனக்கு மறந்து போச்சு. சப்பாத்து மறக்கேல்லை.

வேலையையும் எழுதத்தான் வேணும், ஆனா பதவிப் பட்டியலா வேண்டாம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" எண்டு சொல்லி ஊரில இருந்து கொழும்புக்கு அனுப்பின தலைமுறை அது. அவருக்கு 25 வயசாகேக்க, 1956ல, யாழ்தேவி றெயில் ஓடத் தொடங்கினது, சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கின தனிச்சிங்களச் சட்டம் வந்ததும் அதே வருசம்தான். கலியாணத்துக்கு முன்னம் எந்தச் சமறியில (கலியாணம் கட்டாத பெடியள் சேர்ந்து இருக்கிற வீட்டில) இருந்தவர், மாசாமாசம் ஊருக்குக் காசுக்கட்டளை அனுப்பினவரோ, சிங்களச் சோதனை எழுதினவரோ இல்லை சம்பள இன்கிறிமெண்ட் போனாலும் பரவாயில்லை எண்டு விட்டவரோ, 83ல கப்பலில காங்கேசன்துறைக்குப் போனவரோ, திரும்பக் கொழும்புக்கு ஏன் வந்தவர், இதுகளை இப்ப எழுதாட்டி இனிக் கேக்க ஆளில்லை. கரவெட்டியில அவரின்ர வயசுக்காரர் ஒராள் ரெண்டு பேர் இருந்தா இண்டைக்கே போன் எடுங்கோ.

கோவக்காரர் எண்டா அதையும் ஒரு வரி போடுங்கோ, வாசிக்கிற சொந்தக்காரருக்கு அது தெரியும்தானே, ஒளிச்சா மிச்சத்தையும் நம்ப மாட்டினம்.

கேள்வி: அன்ரி, அப்பா 88 வயசில இறந்தவர். ஒவ்வொரு நாளும் காலமைப் பூசைக்குப் போன மனுசன். முப்பத்தோராம் நாள் தன்ர பேரில பெரிய சாப்பாடு போட வேண்டாம், காசை முதியோர் இல்லத்துக்குக் குடு எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். சித்தப்பா ஆக்கள் "சனம் என்ன சொல்லும்" எண்டு நிக்கினம். என்ன செய்ய?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அப்பா சொன்னதைச் செய்யுங்கோ தம்பி. இல்லத்துக்குப் போன் எடுத்து அண்டைய மத்தியானச் சாப்பாட்டை முன்கூட்டியே புக் பண்ணுங்கோ, கடைசி நேரத்தில கேட்டா வேற ஆராவது அந்த நாளை எடுத்திருப்பினம். பூசை முடிய கோயில் வாசலில வாற சனத்துக்கு பற்றிசும் தேத்தண்ணியும் குடுங்கோ. சித்தப்பாவை இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரின்ர கையால பரிமாறச் சொல்லுங்கோ, அவருக்கும் தமையனுக்கு ஏதாவது செய்யோணும் எண்ட மனவருத்தம்தான் அது, வேறொண்டும் இல்லை.

கேள்வி: மாமாவின்ர கல்வெட்டுக்கு, இறந்த திதியைச் சொல்லுற திதி வெண்பாவை ஏஐயிட்டச் சொல்லி எழுதினம், நல்லா இருக்கு. அப்பிடியே அடிக்கலாமோ?
- தெகிவளை வாசகர்

பதில்: நல்லா இருக்கும், வெண்பாவா இருக்குதோ எண்டுதான் பாக்கோணும். மூண்டு அடியில நாலு நாலு சீர், கடைசி அடியில மூண்டு சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு எண்ட வாய்பாட்டில முடியோணும், இடையில தளை தட்டக்கூடாது. ஒரு தமிழ் ரீச்சரிட்டக் காட்டுங்கோ. அதைவிட முக்கியம் திதி. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நாளில ஒத்துவராது, உங்கட குடும்பக் குருக்கள் எதைப் பாக்கிறார் எண்டு கேட்டு அதையே போடுங்கோ, வருசாவருசம் திவசம் அந்தத் திதியிலதான் வரும். விசுவாவசு வருசமோ பராபவ வருசமோ எண்டதையும் இறந்த திகதியை வைச்சு ஒருக்காப் பாருங்கோ, சித்திரை பிறக்கத்தானே வருசம் மாறுறது, இங்கிலீஷ் கலண்டரைப் பாத்து ஜனவரியில மாத்திப்போட்ட கல்வெட்டும் என்ர றாக்கையில இருக்கு.