ஏசாயா ஏன் அலறினார்?

அன்புள்ள ஐயா,

பைபிளில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் ஆறாம் அதிகாரம் எனக்கு எப்போதும் நெருடுகிறது. கொலையோ களவோ செய்யாத ஒரு நல்ல மனிதர், ஆண்டவரைக் கண்டதும் ‘ஐயோ! அதமானேன்’ (அழிந்தேன்) என்று ஏன் அலற வேண்டும்? மனிதனைக் குற்ற உணர்விலேயே வைத்திருக்கத்தானே இதெல்லாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தரிசனத்தில் ஆண்டவர் ஏசாயாவைக் குற்றம் சாட்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சேராபீன்கள் என்னும் ஆறு சிறகுள்ள தூதர்கள் ‘பரிசுத்தர்’ என்று மூன்று முறை சொல்கிறார்கள், வாசல் நிலைகள் அசைகின்றன, ஆலயம் புகையால் நிறைகிறது. அவ்வளவுதான். ஏசாயா தானாகத்தான் அலறுகிறார்.

முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் வளைத்துக்கொண்டே போகிறவர்கள், விடியற்காலையிலேயே குடிக்க உட்காருகிறவர்கள், லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றவாளியை விடுவிக்கிறவர்கள் என்று எல்லாருக்கும் ‘ஐயோ’ சொல்லி வருகிறார். எல்லாமே நியாயமான கண்டனம். அதே ‘ஐயோ’ இப்போது அவர்மேலேயே விழுகிறது. அதுவும் எங்கே? ‘நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்’ என்கிறார். தீர்க்கதரிசிக்குத் தொழிலே வாயால்தான். கண்டித்த அந்த வாயும் ஜனங்களின் வாயைப் போன்றதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இது நடந்தது யூதா நாட்டின் உசியா ராஜா இறந்த வருஷத்தில், ஏறக்குறைய கி.மு. 740. உசியா 52 வருஷம் ஆட்சி செய்தார். எருசலேமில் கோபுரங்கள் கட்டினார், வனாந்தரத்தில் கிணறுகள் வெட்டினார், விவசாயத்தில் பிரியம் உள்ளவர். பலம் கூடியதும் மனம் மேட்டிமையானது. ஆசாரியர் மட்டுமே காட்ட வேண்டிய தூபத்தைத் தானே காட்ட, தூபகலசத்தோடு ஆலயத்துக்குள் போனார். பிரதான ஆசாரியரான அசரியாவும் 80 ஆசாரியர்களும் தடுத்தபோது கோபப்பட்டார். நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும்வரை தனி வீட்டில்தான் இருந்தார்.

குஷ்டரோகி மேலுதட்டை மூடிக்கொண்டு ‘தீட்டு, தீட்டு’ என்று கூவ வேண்டும் என்பது லேவியராகமச் சட்டம். ஏசாயா உதட்டைச் சொல்லிக் கதறும்போது எனக்கு அந்த ராஜாதான் நினைவுக்கு வருகிறார். ஒருவர் கையில் நெருப்போடு துணிந்து உள்ளே போனார், தீட்டுப்பட்டு வெளியே வந்தார். இன்னொருவர் ‘நான் தீட்டு’ என்று ஒப்புக்கொண்டு நின்றார். சேராபீன் ஒருவன் பலிபீடத்திலிருந்து குறட்டால் தழலை எடுத்துக்கொண்டு அவரிடம் பறந்து வந்தான். ஏசாயா எந்த இடத்தைச் சொன்னாரோ அந்த இடத்தையே தொட்டு, ‘உன் பாவம் நிவிர்த்தியானது’ என்றான்.

குற்ற உணர்வில் வைத்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அலறியது ஐந்தாம் வசனம். ஏழில் பாவம் நீங்குகிறது. எட்டில் அதே வாய் ‘இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்’ என்கிறது. ஆண்டவர் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ‘யாரை அனுப்புவேன்?’ என்று பொதுவாகத்தான் கேட்டார். பயத்தில் ஒடுங்கிப்போனவன் இப்படி முந்திக்கொண்டு முன்வருவானா?

உசியாவின் கதை உள்ள 2 நாளாகமம் 26, அப்புறம் ஏசாயா 5, 6 மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். அதன் பிறகும் நெருடினால் அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.